‘நீல ரிகி’ ஏன் நிம்மதி தரவில்லை?

ஆங்கில ஓவியர் டர்னரின் ‘நீல ரிகி’ ஓவியத்துக்கு நான்கடி அகல வண்ணப் பிரதி ஒன்றை வாசகர் ஒருவர் படுக்கையறைக்கென வாங்கியிருக்கிறார். மன அமைதி தரும் ஏரிப் படம் என்று சொல்லி விற்றார்களாம். ஆனால் சற்று நேரம் பார்த்தால் பதைப்புதான் எழுகிறது, கோளாறு தம் கண்ணிலா பிரதியிலா என்று கேட்கிறார். ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’, அதாவது குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் எண்ணிட்டு அச்சிட்டது, என்பதால் விலை ஏறும் என்று விற்றவர் சொன்னதை நம்பலாமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

கண்ணில் கோளாறு இல்லை. 1842இல் தீட்டப்பட்ட இவ்வோவியம், சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் ஏரிக்கு அப்பால் நிற்கும் ரிகி மலையை, கதிரவன் வெளிப்படுவதற்குச் சற்று முந்தைய பொழுதில் காட்டுகிறது. வெளிச்சம் மலைக்குப் பின்னால் வந்துவிட்டது, ஆனால் முகப்பு இன்னும் நீல நிழலில்தான் இருக்கிறது. கீழ் விளிம்பைப் பாருங்கள்: நாய்கள் நீரில் பாய, வாத்துகள் பதறி எழும்புகின்றன. மற்ற இடமெல்லாம் அசைவற்றுக் கிடப்பதால்தான் அந்தச் சிறு கலவரம் இவ்வளவு உறுத்துகிறது. உணர்ச்சிக்கும் இயற்கையின் ஆற்றலுக்கும் முதலிடம் தந்த ரொமாண்டிக் காலத்து ஓவியர்கள் ஏரியை வெறும் ஓய்விடமாகக் கருதியவர்கள் அல்லர். அமெரிக்காவின் தாமஸ் கோல் 1825இல் வரைந்த கேட்ஸ்கில் ஏரியைச் சுற்றிப் பட்ட மரங்களே நிற்கின்றன.

ஒருவேளை உங்கள் பிரதியில் நாய்களே இல்லாமலும் இருக்கலாம். மூல ஓவியம் ஏறத்தாழ 30 × 45 செ.மீ. அளவுள்ள நீர்வண்ணம். அதை நீளமான சட்டத்துக்குள் அடக்குவதற்காகக் கீழ்ப்பகுதியை வெட்டி, நீலத்தையும் கூட்டி விற்பவர்கள் உண்டு. அப்படி வெட்டப்பட்டிருந்தால் தயங்காமல் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

விலை ஏறும் என்ற பேச்சை நம்பவே வேண்டாம். டர்னர் 1851இல் மறைந்தார். பதிப்புரிமை முடிந்து நெடுங்காலமாகிறது. யாரும் எத்தனை பிரதியும் அச்சிடலாம். எண்ணிட்ட சான்றிதழ் என்பது அச்சிட்டவர் தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட நற்சான்று. 2007இல் லண்டனின் டேட் அருங்காட்சியகம் மூலத்தை 49.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அந்தத் தொகையைக் காட்டியே தரகர்கள் பிரதியை விற்கிறார்கள். உரிமை காலாவதியான ஓவியங்களின் தெளிவான படக்கோப்புக்குக்கூடப் பல அருங்காட்சியகங்கள் கட்டணம் கேட்பதும், அந்தக் கட்டணத்தால் நேர்மையான சிறு அச்சகம் ஒதுங்கிப் போக மங்கிய படத்தை இறக்கிப் பெரிதாக்குபவர் கொழிப்பதும் எனக்கு இன்றுவரை விளங்காத நிர்வாகம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. டர்னர் உயிரோடிருந்தபோது, அவருடைய மேற்பார்வையில், ‘இங்கிலாந்தும் வேல்சும்’ போன்ற வரிசைகளுக்காக உலோகத் தகட்டில் செதுக்கி எடுத்த அச்சுகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் உண்மையான மதிப்பு இருக்கிறது. அவை ஒரே மையில் அச்சானவை. வண்ணம் இருந்தால் அது பின்னர் கையால் பூசப்பட்டது. தாளின் ஓரம் வெட்டப்படாதிருந்தால் தகடு அழுந்திய தடம் விரலுக்குத் தட்டுப்படும். உருப்பெருக்கியில் கோடுகள் தெரியுமே தவிர, வண்ணப் புள்ளிகள் தெரியா. அந்தத் தடத்தையும் போலியாக அழுத்துகிறார்கள் என்பதால் தடம் மட்டுமே சான்றாகாது. உங்களுடையது புள்ளிகளால் ஆன வண்ணப் பிரதியாகத்தான் இருக்கும். வேறொன்று வாங்குவதானால் மூலத்தின் அளவிலேயே, ஓரம் வெட்டாத பிரதியாகக் கேட்டு, கிட்ட நின்று பார்க்கும் இடத்தில் மாட்டுங்கள். படுக்கையறை அதற்கு ஏற்ற இடமன்று.