ட்ரே பிராசஸர் வாங்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கணினிக் கடைகளில் ஒரே பிராசஸருக்கு இரண்டு விலை சொல்கிறார்கள். பெட்டியில் வருவதை விட 'ட்ரே' என்பது மலிவாக இருக்கிறது. அது போலியா? (அல்சூர் வாசகர்)

போலியும் அன்று, தரம் குறைந்ததும் அன்று. கணினித் தயாரிப்பாளர்களுக்குத் தட்டுகளில் அடுக்கி மொத்தமாக அனுப்பப்படும் பிராசஸரே உதிரியாகக் கடைக்கு வரும்போது ட்ரே எனப்படுகிறது. சில்லில் வேறுபாடு இல்லை. வேறுபாடெல்லாம் பழுதானால் யார் பொறுப்பு என்பதில்தான். இன்டெல் பெட்டியில் விற்கும் பிராசஸருக்கு வாங்கியவருக்கே நேரடியாகப் பொதுவாக 3 ஆண்டு வாரண்டி தருகிறது. ட்ரே பிராசஸருக்கு அந்த நேரடி வாரண்டி கிடையாது, விற்ற கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே, "ஒரு வருஷம் நான் பார்த்துக்கிறேன் சார்" என்று அவர் சொன்னால், அதையே சீரியல் எண்ணோடு ஜி.எஸ்.டி. பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். அந்தத் தெருவில் கடைகளுக்கா பஞ்சம்!

பெட்டி என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். இன்டெல் பெட்டியின் லேபிளில் உள்ள தொகுதி எண்ணும் பிராசஸரின் உலோக மூடியில் பொறித்திருக்கும் தொகுதி எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால், காலிப் பெட்டிக்குள் ட்ரே பிராசஸரை வைத்துத் தருகிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. ட்ரேயோடு கூலர் (பிராசஸரைக் குளிர்விக்கும் விசிறி) வராது என்பதால், விலையை ஒப்பிடும்போது அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 'கே' என்று முடியும் இன்டெல் மாடல்களுக்குப் பெரும்பாலும் பெட்டியிலேயே கூலர் வருவதில்லை என்பதால், அவற்றில் ட்ரேயால் கூலர் இழப்பு ஏதுமில்லை.

பழைய கணினியிலிருந்து கழற்றிய பிராசஸர் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. லெனோவோவின் சில கணினிகளில் ஏ.எம்.டி.யின் ரைசன் புரோ வகைப் பிராசஸர்கள் அந்நிறுவன மதர்போர்டுகளோடு பூட்டப்பட்டுவிடுவதால், வேறு நிறுவன போர்டில் அவை இயங்கா.

பழைய லேப்டாப்பில் உள்ள விண்டோஸைப் புதிதாக அசெம்பிள் செய்யும் கணினிக்கு மாற்றிக்கொள்ளலாமா? (ஒயிட்ஃபீல்டு வாசகி)

லேப்டாப்போடு வந்தது ஓ.இ.எம். உரிமம் (கணினித் தயாரிப்பாளர் முன்பே நிறுவித் தருவது) என்றால் முடியாது. அது அந்த இயந்திரத்துக்கு மட்டுமே உரியது. அதன் கீ (உரிமக் குறியீடு) பெரும்பாலும் மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பதிந்திருக்கும். தனியாக வாங்கிய ரீடெய்ல் உரிமத்தைப் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் பயன்படுத்தலாம். அடிக்கடி மதர்போர்டு மாற்றுபவருக்கு அந்தக் கூடுதல் விலை தகும். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கும் கீகள் பெரும்பாலும் நிறுவனங்களுக்கான மொத்த உரிமத்திலிருந்தோ ஓ.இ.எம். உரிமத்திலிருந்தோ பிரித்து விற்கப்படுபவை. அவை எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம்.

சாம்சங் பி.எம்.9ஏ1 எஸ்.எஸ்.டி. (தரவு சேமிக்கும் டிரைவ்), அதே நிறுவனத்தின் 980 புரோவை விட மலிவாகக் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றுதானா? (பானஸ்வாடி வாசகர்)

வன்பொருளில் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் 980 புரோவுக்கு சாம்சங் 5 ஆண்டு வாரண்டி தருகிறது, பி.எம்.9ஏ1 கணினி நிறுவனங்களுக்கென விற்கப்படுவது என்பதால் அந்த வாரண்டி உங்களுக்கு இல்லை. ஃபர்ம்வேர் புதுப்பிப்பும் சாம்சங்கின் மேஜிஷியன் மென்பொருள் வழியே வராது, கணினி நிறுவனம் வெளியிட்டால்தான் உண்டு. இது சிறிய விஷயம் அன்று. பழைய ஃபர்ம்வேர் கொண்ட 980 புரோ டிரைவ்கள் சில, எழுத முடியாத நிலைக்குப் போய்விடுவது 2023 தொடக்கத்தில் பெரிதாகப் பேசப்பட்டபோது, ரீடெய்ல் டிரைவ் வைத்திருந்தவர்கள் தாங்களே ஃபர்ம்வேரைப் புதுப்பித்துக்கொள்ள முடிந்தது. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கடையிலேயே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் டிரைவ் ஓடிய மணி நேரத்தையும் எழுதப்பட்ட தரவின் அளவையும் பாருங்கள். புதிது என்று சொல்லப்படும் டிரைவ் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடியிருந்தால், அது ஏதோ ஒரு லேப்டாப்பிலிருந்து கழற்றியது.

ஹீட்சிங்க் (வெப்பம் கடத்தும் உலோகத் தகடு) இல்லாத பச்சை நிற ரேம் போதுமா? (ஜெயநகர் வாசகர்)

அலுவலக வேலைக்குத் தாராளமாகப் போதும். கேமிங்குக்காக எக்ஸ்.எம்.பி. (ரேமை அதன் வழக்கமான வேகத்தை விட வேகமாக இயக்கும் அமைப்பு) வேகம் வேண்டுமென்றால் மட்டும் ரீடெய்ல் ரேம் வாங்குங்கள். அதிலும் இரண்டு ரேம்களைத் தனித்தனியாக வாங்காமல் ஒரே கிட்டாக, அதாவது ஒரே பெட்டியில் ஜோடியாக, வாங்குவது நல்லது.