மிளகாய் மாத்திரை தொப்பையைக் கரைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 52. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுகிறேன். மிளகாய்ச் சத்து மாத்திரை பழுப்புக் கொழுப்பைத் தூண்டி எடையைக் குறைக்கும் என்று தெரிந்தவர் ஒருவர் 600 ராண்டுக்கு ஒரு குப்பி தந்திருக்கிறார். சாப்பிடலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

வேண்டாம், அம்மா. குப்பியைத் திறக்காதீர்கள்.

அவர் சொன்னதில் அரைக்கால் பங்கு உண்மை இருக்கிறது. அதை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது. நம் உடம்பில் பெரும்பகுதி வெள்ளைக் கொழுப்பு. அது சேமித்து வைக்கும். கழுத்திலும் காறை எலும்பை ஒட்டியும் கொஞ்சம் பழுப்புக் கொழுப்பு உண்டு. அதன் செல்கள் கொழுப்பை எரித்து வெப்பமாக்கும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் நேராக அங்கே போய்த் தீ மூட்டுவதில்லை. குடலிலுள்ள நரம்பு நுனிகளைச் சீண்டுகிறது. செய்தி மூளைக்குப் போய், வேறு நரம்புகள் வழியாகப் பழுப்புக் கொழுப்புக்கு வருகிறது.

எவ்வளவு எரிகிறது? ஜப்பானில் ஆரோக்கியமான இளைஞர்களுக்குக் காரமில்லாத மிளகாயிலிருந்து எடுத்த, கேப்சைசினுக்கு நெருங்கிய பொருளை 9 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். பழுப்புக் கொழுப்பு சுறுசுறுப்பாக இருந்தவர்களுக்கே மணிக்கு நான்கு கலோரிக்கும் குறைவாகத்தான் கூடுதலாக எரிந்தது. ஒரு தேக்கரண்டிச் சீனியிலேயே 16 கலோரி இருக்கிறது. அந்தக் கொழுப்பு இல்லாதவர்களுக்குப் பலன் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வயதும் எடையும் கூடக்கூட அது குறைந்துகொண்டே போகும். ஆக, இந்த மாத்திரையை யாரிடம் விற்கிறார்களோ அவர்களுக்குத்தான் அது மிகக் குறைவு.

உங்கள் அழுத்த மாத்திரையின் பெயரை எழுதவில்லை. அட்டையைப் பாருங்கள். அட்டனோலால், கார்வெடிலால், ப்ரொப்ரனோலால் என்று ‘லால்’ என முடிந்தால், பழுப்புக் கொழுப்புக்குப் போகும் நரம்புச் செய்தியையே அது மட்டுப்படுத்தக்கூடும். அந்த நான்கு கலோரியும் சந்தேகம்தான். அம்லோடிபின், எனலாப்ரில் இந்த வகையில் சேராது. இதைப் படித்துவிட்டு ‘லால்’ மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் இதயம் பாதிக்கப்படக்கூடும்.

எனக்குப் பெரிய பயம் மிளகாயைப் பற்றியதே அல்ல. எடை குறைக்கும் ‘மூலிகை’ மாத்திரைகளில் சிபுட்ரமைன் என்ற மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. அழுத்தத்தையும் ஏற்றும். பசி சட்டென்று அடங்கி, வாய் உலர்ந்து, தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்தால் விற்பவர் “மருந்து வேலை செய்கிறது” என்பார். நம்பாதீர்கள்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் இப்படிப்பட்ட குப்பிகளின் பின்புறம் எறும்பளவு எழுத்தில், பதிவு பெறாத இந்த மருந்தின் தரம், பாதுகாப்பு, பயன் எதையும் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் மதிப்பிடவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். மதிப்பிடாததை விற்க விட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாத ஒரு வரியில் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்ன நியாயம்? கிளினிக்கில் உணவு ஆலோசனைக்கு ஏழை மக்கள் காத்துக் கிடக்கும்போது, இந்த இடைத்தரகர்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார்கள்.

விக்டோரியா தெரு மார்க்கெட்டில் குவித்திருக்கும் மிளகாய்த்தூளை வயிறு தாங்குமளவு கறியில் போடுங்கள்; தடையில்லை. கறியின் எண்ணெயைப் பாதியாக்குங்கள். குப்பியைத் தூக்கி எறியாமல் அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது மருந்தாளுநரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே விழுங்கியிருந்து நெஞ்சு படபடத்தால், அந்தத் தேதிவரை காத்திருக்காமல் இன்றே மருத்துவரைப் பாருங்கள்.