நெட்ல எடுத்து ஒட்டினா தப்பா? – கடிதம்

வணக்கம் சார்,

நான் ஒன்பதாம் வகுப்பு டீச்சர். பிராஜெக்ட் கொடுத்தா பாதிப் பேர் நெட்ல இருந்து அப்படியே எடுத்து ஒட்டிடறாங்க. கேட்டா முகத்துல ஒரு உறுத்தலும் இல்ல, 'எல்லாரும் இப்படித்தான் மிஸ், நெட்ல சும்மா கிடக்கறதுதானே'ங்கறாங்க. பரீட்சைல பிட் அடிக்கறது தப்புன்னு ஒத்துக்கற அதே பசங்க. இந்தத் தலைமுறைக்கு நேர்மையே இல்லாம போச்சோன்னு கவலையா இருக்கு. சாஃப்ட்வேர் போட்டுக் கண்டுபிடிச்சு மார்க்கைக் குறைச்சுடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தலைமுறை மேல பழி போட வேண்டாம். 'என் தப்பு இல்ல', 'யாருக்கு என்ன நஷ்டம்', 'ஃப்ரெண்டுக்காகக் கொடுத்தேன்' மாதிரியான சமாதானங்களை சைக்ஸ், மாட்சான்னு ரெண்டு அமெரிக்க சமூகவியலாளர்கள் 1957லயே வகை பிரிச்சு எழுதிட்டாங்க. அவங்க பேசினது தப்பு வழில போற இளைஞர்களைப் பத்தி, பின்னாடி டொனால்ட் மெக்கேப்ங்கற ஆய்வாளர் அதைக் காப்பியடிக்கற மாணவர்களுக்குப் பொருத்திப் பார்த்தார். இப்படி சமாதானம் தேடறவனுக்கு உள்ளுக்குள்ள தப்புன்னு தெரியும்ங்கறதுதான் அதுல எனக்கு முக்கியமாப் படுது, தெரியலன்னா சமாதானமே தேவைப்படாதே.

தன்னோட டிராயிங்கைப் பக்கத்துல இருக்கறவன் பார்த்து வரைஞ்சா ஓடி வந்து உங்ககிட்ட கம்ப்ளைன்ட் பண்றதும் இதே பசங்கதான். அங்க பறிகொடுத்தவன் முகம் தெரியுது. நெட்ல எழுதினவங்க முகம் தெரியல, அதோட பிராஜெக்ட்டுக்கு நாமளே பக்கக் கணக்கும் அட்டை அழகும் பார்த்துத்தான் மார்க் போடறோம், அப்புறம் அவன் பக்கத்தை ரொப்பத்தானே பார்ப்பான்!

இன்னொரு வகை இருக்கு, அதைத் திருட்டோட சேர்த்துடாதீங்க. புத்தகத்துல 'தாவரங்கள் சூரிய ஒளியைப் பயன்படுத்தி உணவு தயாரிக்கின்றன'ன்னு இருக்கும், பையன் 'செடிகள் வெயிலை உபயோகித்து சாப்பாடு செய்கின்றன'ன்னு எழுதிட்டு, சொந்தமா எழுதினதாவே மனசார நம்புவான். ஆய்வாளர் ரெபெக்கா மூர் ஹோவர்ட் இதை எழுதக் கத்துக்கற வழில வர்ற ஒரு கட்டமாத்தான் பார்க்கணும்னு 1990கள்லயே வாதாடினாங்க, நானும் அவங்க கட்சிதான். வாசிச்சதும் புத்தகத்தை மூடி வெச்சுட்டு ஞாபகத்துல இருந்து எழுத வைங்க, அப்புறம் திறந்து சரிபார்க்கட்டும், எங்க இருந்து எடுத்தான்னு கீழ ஒரு வரி போடட்டும். இதை யாரும் சொல்லித் தராமலேதான் அந்தப் பையன் ஒன்பதாவது வரைக்கும் வந்திருக்கான், எனக்குக் கோபம் வர்றது அதுலதான்.

சாஃப்ட்வேரை நம்பி மார்க்கைக் குறைக்காதீங்க. எந்த வரி எதோட ஒத்துப்போகுதுன்னுதான் அது காட்டும், பையன் தெரிஞ்சு பண்ணானா தெரியாம பண்ணானான்னு சொல்லாது. ஏஐ எழுதினதைக் கண்டுபிடிக்கற டூல் இன்னும் மோசம், சாட்ஜிபிடியை உருவாக்கின ஓப்பன்ஏஐ கம்பெனி தன்னோட டூலையே துல்லியம் போதலன்னு 2023 ஜூலைல நிறுத்திடுச்சு. அதை வெச்சு நேர்மையா எழுதின ஒரு பொண்ணைத் திருடின்னு சொல்லிட்டா அந்தக் காயம் லேசுல ஆறாது.

அதுக்கு பதிலா பிராஜெக்ட்டை வாங்கும்போது 'இதுல உனக்கு எது புரியல?'ன்னு ரெண்டு நிமிஷம் கேளுங்க. முதல் தடவைன்னா திருப்பிக் கொடுத்து மறுபடி எழுத வைங்க, எப்படி எழுதறதுன்னு சொல்லிக் கொடுத்த அப்புறமும் முழுசா எடுத்து ஒட்டிட்டு வந்தா தாராளமா மார்க்கைக் குறைங்க, அதுல தப்பே இல்ல.