தெர்மோஸ்டாட்டுக்கு பாஸ்வேர்டு போடலாமா? மறந்துபோனால் எப்படித் திறப்பது?

கேள்வி இதுதான்: வீட்டு தெர்மோஸ்டாட்டில் (ஏசியையும் ஹீட்டரையும் கட்டுப்படுத்தும் சுவர்ப் பெட்டி) ஆளாளுக்குக் கை வைத்து, போட்டுவைத்த நேர அட்டவணையையே குழப்பிவிடுகிறார்கள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டலாமா, அதை மறந்துவிட்டால் என்ன வழி?

பூட்டலாம். ஆனால் முழுசாகப் பூட்டாதீர்கள். நான் பூட்டிப் பட்டவன்.

என் பையன் விளையாடிவிட்டு உள்ளே நுழைந்ததும் 18-க்கு இறக்கிவிடுவான். அப்போதுதான் சீக்கிரம் குளிருமாம். தெர்மோஸ்டாட் என்பது அடிப்படையில் ஒரு சுவிட்ச். சாதாரண ஏசி 18-க்கு வைத்தாலும் 24-க்கு வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும்; 18 என்றால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நாலு இலக்கத்தில் ஒரு பின் நம்பர் போட்டு மொத்தமாகப் பூட்டிவிட்டேன்.

அடுத்த வாரமே ஒரு நாள், நான் இரவு வேலையில் இருந்தபோது அம்மா கூப்பிட்டார். குளிர் தாங்கவில்லை, எதை அழுத்தினாலும் பூட்டுப் படம்தான் வருகிறது என்றார். நம்பரைச் சொன்னேன். கண்ணாடி போடாமல் அவர் அழுத்தியது ஒன்றும் சரியாக விழவில்லை. கடைசியில் தூங்கிக்கொண்டிருந்த பேரனை எழுப்பினார். அவன் நம்பர் கேட்காமலேயே திறந்துவிட்டான். நான் வைத்திருந்தது 2580. "அப்பா விரல் நடுவுல நேரா கீழ இறங்குமே பாட்டி" என்றானாம்.

அப்புறம்தான் மெனுவை ஒழுங்காகப் படித்தேன். பல மாடல்களில் பாதிப் பூட்டு என்று ஒன்று உண்டு. அட்டவணையையும் அமைப்புகளையும் தொட முடியாது, வெப்பநிலையை மட்டும் கூட்டிக் குறைக்கலாம். கூகுளின் நெஸ்ட் போன்ற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்களில் பூட்டும்போதே எதிலிருந்து எது வரை மாற்றலாம் என்று எல்லை வைக்கலாம். நான் 23 முதல் 27 வரை வைத்தேன். சண்டை நின்றது. சில மாடல்களில் குளிரூட்டலுக்குக் கீழ் எல்லை, சூடேற்றலுக்கு மேல் எல்லை என்று தனியாகவே இருக்கும். அதை வைத்தாலே பாஸ்வேர்டு தேவைப்படாமல் போகலாம்.

மறந்துவிட்டால் பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. பெரும்பாலும் பலன் இருக்காது. மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் பூட்டு பதிந்திருக்கும். ஆப்போடு இணைத்திருந்தால் முதலில் அதில் பாருங்கள். நெஸ்ட்டை அங்கிருந்தே திறந்துவிடலாம். ஆப் இல்லையென்றால் மாடல் எண்ணைக் கண்டுபிடித்து, அதற்கான கையேட்டில் திறக்கும் முறையைத் தேட வேண்டும். எண் பெரும்பாலும் முன்பக்கப் பலகையின் பின்புறத்தில் இருக்கும். பலகையைக் கழற்றும் முன் மெயினை அணைத்துவிடுங்கள்.

எதுவும் பலிக்காவிட்டால் ஃபேக்டரி ரீசெட், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக வாங்கிய நிலைக்கே கொண்டுபோவது. இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அட்டவணையோடு, மாட்டியவர் போட்டுவைத்த அமைப்புகளும் சேர்ந்து அழியலாம். ஹீட் பம்ப் (ஒரே இயந்திரமே குளிரும் சூடும் தருவது) உள்ள வீட்டில் அது தப்பாகப் போனால், குளிர் கேட்டால் சூடு வரும். அதனால் பூட்டுவதற்கு முன்பே அந்தத் திரைகளை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து வையுங்கள். திறந்ததும் ஏசி ஓடவில்லை என்று பதறவும் வேண்டாம். கம்ப்ரசரைக் காப்பாற்ற 5 நிமிடம் வரை தானே காத்திருக்கும்.

வைஃபை உள்ளதென்றால் இன்னொன்று. பின் நம்பர் தடுப்பது சுவருக்கு முன்னால் நிற்பவரை மட்டும்தான். ஆப் கணக்கின் பாஸ்வேர்டு தெரிந்தவர் எங்கிருந்தும் மாற்றுவார். அதற்கு நல்ல பாஸ்வேர்டு வைத்து, இரட்டைச் சரிபார்ப்பையும் போடுங்கள். தெர்மோஸ்டாட்டோடு வீடு வாங்கியிருந்தால், முன்பு இருந்தவரைத் தன் கணக்கிலிருந்து அதை நீக்கச் சொல்லுங்கள்.

என் புது நம்பர் நேர்கோட்டில் இறங்காது. அம்மாவின் போனில் 'சுவர்ப் பெட்டி' என்ற பெயரில் இருக்கிறது.