வாங்க முன் கேளுங்கள்: கருமருந்தும் பழைய துவக்கும்

கே: கடற்கரைப் பக்கக் கடையொன்றில் ஒல்லாந்தர் காலத்துக் கைத்துப்பாக்கி என்று நல்ல காசுக்குத் தந்தார்கள். குழலில் இங்கிலீஷ் எழுத்து இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– நிலாவெளி வாசகர்

ப: ஏமாற்றிவிட்டார்கள் ஐயா. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன்: 'பிளாக் பவுடர் ஒன்லி', அதாவது கருமருந்து என்கிற பழைய கறுப்பு வெடிமருந்து மட்டும். 1795இல் இங்கிலீஷ்காரனிடம் திருகோணமலைக் கோட்டையைப் பறிகொடுத்த ஒல்லாந்தர், இங்கிலீஷிலா எச்சரிக்கை பொறித்திருப்பார்கள்? இந்தக் காலத்தில் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பழசைப் பார்த்துச் செய்கிற துவக்குகளில் வருகிற வாசகம் அது. பக்கத்தில் 'பி.என்.' இருந்தால் இத்தாலிக்காரரின் கருமருந்துச் சோதனை முத்திரை. மரத்தின் கறுப்பு வயதல்ல, சாயம். பிழை உங்களுடையதல்ல, விற்றவருடையது. பற்றுச்சீட்டு இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம். ஆனால் முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். சுடக்கூடிய துவக்கை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் வைத்திருக்க முடியாது. அசலாக இருந்திருந்தாலும் நிம்மதியில்லை. 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும்.

மாட்டுக்கொம்பில் செய்த பழைய மருந்துக்கொம்பு (வெடிமருந்து வைக்கிற கூடு) என்று நானும் ஒன்று வாங்கினேன். சூடான ஊசியை வைத்தால் பிளாஸ்டிக் மணம்.

கே: இடியன் துவக்குக்கு (குழல் வாயால் மருந்து இடித்துச் சுடுவது) தோட்டாவிலிருந்து எடுத்த மருந்தைப் போடலாமா?
– மூதூர்

ப: குழல் வெடிக்கும். விரல் போகும். போடாதீர்கள்.

கே: இங்கிலாந்தில் அக்காவின் மகன் (16 வயது) கருமருந்துத் துவக்குச் சுடப் பழகுகிறான். போகும்போது ஒன்று வாங்கிக் கொடுக்கவா? கழகத்தில் இளம் ஆட்களே இல்லையென்று அத்தானுக்குக் கவலை.
– உவர்மலை

ப: வேண்டாம். அங்கே 18 வயதுக்குக் கீழ் துவக்கு வாங்கவே முடியாது. கருமருந்து வைத்திருக்கவும் பொலிஸின் தனி அனுமதி வேண்டும். காதுக்கவசம், கண்ணாடி, பித்தளை மருந்தளவி வாங்கிக் கொடுங்கள்.

அத்தானின் கவலைக்கு வருவோம். பொடியன்கள் ஏன் வரவில்லை? பெரியவர்கள் விலையுயர்ந்த துவக்கைத் தூக்கிக்கொண்டு போய் அரை நாள் சரித்திரம் பேசுவார்கள், பொடியன் வாங்கில் குந்தியிருப்பான். கடைசியில் ஒரு வெடி, அதையும் தாங்களே இடித்துக் கொடுப்பார்கள். யார் மறுபடி வருவான்? மருந்தை அளந்து கொட்டி, துணியில் சுற்றிய ஈயக்குண்டை இறக்கி, கோலால் இடித்து இருத்தி, புகை மூக்கில் ஏறச் சுடுவதில்தானே சுவை! அதை அவன் கையிலே கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். சிக்கிமுக்கித் துவக்கில் விசையை இழுத்ததும் கண்ணுக்கு முன்னால் நெருப்புப் பொறி பறக்கும், ஒரு கணம் பிந்தித்தான் குண்டு போகும். பழகாதவன் அதற்குள் முகத்தைத் திருப்பிவிடுவான். கேப் (தட்டினால் பொறி தரும் சின்ன உலோக மூடி) வைத்துச் சுடுவதில் தொடங்கட்டும். மருந்து குறைவாக, இலக்கு கிட்டவாக. கழுவுவதும் அவன் வேலைதான். கருமருந்துக் கரி ஈரத்தை இழுக்கும், குழல் துருப்பிடிக்கும். அன்றைக்கே சுடுநீரால் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசவேண்டும். கழகத்துக்குக் காசிருந்தால் இளையவர்களுக்கென்று பொதுவாக ஒரு கேப் துவக்கு வாங்கட்டும். சுவரில் மாட்ட இன்னொரு பழசு எதற்கு?

கே: முகநூலில் பழைய துவக்கொன்று கண்டு முழுக்காசும் அனுப்பினேன். லைசென்ஸ் தேவையில்லை என்றார். இப்போது போனை எடுக்கிறாரில்லை.
– கிண்ணியா

ப: காணாத ஆளுக்கு, காணாத துவக்குக்கு, முழுக்காசு! லைசென்ஸ் பற்றி விற்கிறவனிடமா கேட்பது? வங்கிச் சீட்டோடு பொலிஸில் முறையிடுங்கள். துவக்கு வந்து சேர்ந்திருந்தால் பொலிஸே உங்களைத் தேடி வந்திருக்கும்.