புளிக்க வைத்த நோனிச் சாறு குடித்தால் இதயக்குழாய் அடைப்புக்குக் குளிசை தேவையில்லையா?

கிளிநொச்சியில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு இதயக்குழாயில் கொழுப்பு அடைப்பு, தெரிந்தவர் ஒருவர் புளிக்க வைத்த நோனிச் சாறு தந்து "இதில் அன்டிஒக்சிடன்ட் நிறைய, இனிக் குளிசை வேண்டாம்" என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வவுனியாவில் மருந்துக்கடையில் நிற்கிறேன், இதை அடிக்கடி கேட்கிறார்கள். குளிசையை நிறுத்த விடாதீர்கள். மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம்.

விற்பவர் சொல்வது முழுப்பொய் இல்லை, அதுதான் தொல்லை. கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் குழாய்ச் சுவருக்குள் புகுந்து ஒட்சியேற்றம் அடைகிறது, அதாவது ஒட்சிசனோடு தாக்கமடைந்து கெட்டுப்போகிறது. அதைத் தடுக்கும் பொருளைத்தான் அன்டிஒக்சிடன்ட் என்கிறார்கள். வெள்ளணுக்கள் அதை விழுங்கி, கொழுப்பால் ஊதி, அங்கேயே தங்கிவிடுகின்றன. அடைப்பு அப்படித்தான் தொடங்குகிறது. புளிக்கும்போதும் உண்மையாகவே ஒன்று நடக்கிறது. செடியிலுள்ள பொலிபீனோல்கள் என்ற அன்டிஒக்சிடன்ட்கள் பல சீனியோடு பிணைந்து கிடக்கும். பக்டீரியாவின் நொதியம் அந்தச் சீனியைக் கழற்றிவிட, சில பொலிபீனோல்களைக் குடல் இலகுவாக உறிஞ்சும். சோதனைக்குழாயில் நல்ல முடிவு வருவது இதனால்தான்.

ஆனால் சோதனைக்குழாயில் நடப்பது நெஞ்சுக்குள்ளும் நடக்க வேண்டுமே. ஒட்சியேற்றத்தைத் தடுத்தால் மாரடைப்புக் குறையும் என்று நம்பி விற்றமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள். 2000இல் வெளிவந்த ஹோப் (HOPE) என்ற பெரிய ஆய்வில் பலன் இல்லை. 2002இல் பிரித்தானியாவில் 20,536 பேரை வைத்துச் செய்த ஆய்விலும் விற்றமின் ஈ, சி, பீற்றா கரோட்டின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அதே ஆய்வில் சிம்வாஸ்டட்டின் என்ற கொழுப்புக் குறைக்கும் குளிசை எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கிட்டத்தட்டக் கால்வாசி குறைந்தன. எனக்கு இந்த ஓர் ஆய்வே போதும். அரசாங்கக் கிளினிக்கில் காசில்லாமல் தரும் அட்டோர்வாஸ்டட்டினும் அந்தக் குடும்பத்துக் குளிசைதான்.

அடுத்து இதயத்துக்கென்று குடிக்கும் ஆயுர்வேத மருந்தான மருதம்பட்டை அரிட்டம் பற்றிக் கேட்பீர்கள், எங்கள் ஆற்றோரமெல்லாம் நிற்கிற மரமல்லவா! அது வெல்லம் போட்டுப் புளிக்க வைப்பது, மதுசாரமும் தானாக ஊறியிருக்கும். சீனி வருத்தம் உள்ளவர் சும்மா வாங்கிக் குடிக்கிற சாமான் இல்லை. புளித்ததுதான் வேண்டுமென்றால் வீட்டில் பழஞ்சோற்றுத் தண்ணி இருக்கிறதே. உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். அதைப் போத்தலில் அடைத்து ஆயிரக்கணக்கில் விற்க இன்னும் யாரும் கிளம்பவில்லை.

நோனியில் எனக்குப் பயம் வேறு. அதில் பொட்டாசியம் கூட. வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தக்காரர் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும். அப்பா பிரஷருக்கு லொசார்ட்டான் அல்லது எனலப்ரில் எடுக்கிறார் என்றால் அந்தக் குளிசைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் இரத்தத்தில் பார்க்கும்வரை போத்தலைத் திறக்க வேண்டாம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கிளினிக் கொப்பியோடு அந்தப் போத்தலையும் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.