கொட்டானுக்கு விலை, தர்மத்துக்கு மகமை

அன்புள்ள ஆச்சி,

எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, தையில் வயது நிறைவுச் சாந்தி விழா. வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு பனையோலையில் பின்னிய சிறு கூடையான கொட்டான் கொடுக்க நினைக்கிறோம். பக்கத்து ஊரில் கொட்டான் பின்னும் பெண்கள் ஒன்றுக்கு 180 ரூபாய் சொன்னார்கள். 140க்குப் பேசி முடித்தேன். இதற்குள் ஆன்லைனில் ஒரு கடை, தங்களிடம் பரிசுப்பொருள் வாங்கினால் பத்து சதவீதம் ஆதரவற்ற குழந்தைகளுக்குப் போகும் என்கிறது. எதை வாங்கினால் புண்ணியம்? கொட்டான் என்றால் எந்த நிறம் எடுப்பாக இருக்கும்?

வாசகி, தேவகோட்டை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அப்பச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நிறம் உங்கள் இஷ்டம்.

சில நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்ததையே கேட்டிருக்கிறீர்கள். ஆனால் என்னைச் சுட்டது அந்த நாற்பது ரூபாய். முகம் தெரியாத குழந்தைக்குப் பத்து சதவீதம் போக வேண்டும் என்று உருகுகிறீர்கள். எதிரே உட்கார்ந்து பின்னுகிறவள் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டிவிட்டீர்கள். இது அடுக்குமா ஆத்தா?

எங்கள் அப்பத்தா பின்னுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்துக்கு வகிர்ந்து, சாயத்தில் கொதிக்கவிட்டு எடுப்பார்கள். பின்னும்போது காய்ந்தால் முறியும் என்று ஈரத்துணியில் சுற்றியே வைத்திருப்பார்கள். ஓலை விளிம்பு விரலைக் கீறும். அப்பத்தா வீட்டு விசேஷத்துக்குப் பின்னினார்கள். இன்று பின்னுகிறவர்களுக்கு உலை வைக்க அதுதான் வழி. அவர்களிடம் வாங்குவதைப் புண்ணியக் கணக்கில் எழுதாதீர்கள். அது விலை, அவ்வளவுதான். விலையை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஐயாவின் பேரேட்டில் மகமைக்குத் தனிப் பற்றுவரவு இருந்தது. வியாபாரத்தில் தர்மத்துக்கென்று எடுத்துவைத்த பணம். கோயில், பாடசாலை, சத்திரம் என்று போகும். சரக்குக் கொடுத்தவன் காசில் பிடித்து ஐயா மகமை வைத்ததில்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தாரே, அதற்குப் பெயர் கொடை. விலையையும் கொடையையும் ஒரே பையில் போட்டுக் குழப்பாதீர்கள்.

அந்த ஆன்லைன் கடையா? பத்து சதவீதம் விலையிலா, லாபத்திலா, எந்த இல்லத்துக்கு என்று போடாவிட்டால் விட்டுத் தள்ளுங்கள். போட்டிருந்தாலும் நன்கொடை ரசீது கடைக்காரர் பெயருக்குத்தான் போகும். உங்கள் கைக்கு வருவது பில்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஆசை நல்ல ஆசை. அப்பச்சி கையாலேயே நேராக ஓர் இல்லத்துக்குக் கொடுக்கச் சொல்லி ரசீது வாங்குங்கள். அதற்கு முன் அந்தப் பெண்களுக்கு 180 என்றே பேசி, பாதியை இப்போதே முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். ஓலைக்கும் சாயத்துக்கும் அவர்கள் கைக்காசைத்தானே முதலில் போட வேண்டியிருக்கும்.